உடற்குறையுற்ற குடியானவர்களும் துணைக்கருவிகளும்

உழவுத் தொழிலில் கருவியின் அருமையை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழு தேய்ந்தால் அன்றே கொல்லன் பட்டறைக்குச் செல்வதும், ஏற்றத்தை விட்டுக் கவலையையும், கவலையை விட்டு மின்சாரப் பம்பையும் மேற்கொண்டதும் கருவியின் பயனை அறிந்ததனாலேயே ஆகும். மனிதன் கைக்கு எட்டாததை எட்டச் செய்வதும், அவன் வலிமைக்கு மீறியதைச் செய்து முடிக்க உதவுவதுமே கருவியின் இலக்கணம். அவ்விலக்கணத்தின்படி நோக்கினால், காலிழந்தவனுக்குப் பொருத்தும் செயற்கைக் காலும், நடக்க இயலாதவனுக்கு உதவும் சக்கர நாற்காலியும், செவி மந்தமானவன் அணியும் கேட்புக் கருவியும், பார்வை மங்கியவன் அணியும் மூக்குக் கண்ணாடியும் உழவுக் கருவிகளே என்பது விளங்கும். ஏனெனில் அவை இல்லாதபோது கலப்பையும் பம்பும் இருந்தும் பயனில்லை.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், விவசாயக் குடும்பத்திற் பிறந்து 1947 முதல் 1949 வரையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஓ. பி. இராமசாமி ரெட்டியாரின் ஊர் என்பதை யாவரும் அறிவர். மானாவாரி நிலத்தில் மணிலாவும், ஏரி, கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் இத்திண்டிவனம் வட்டாரத்திற்கு எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும், அதிலிருந்து வெளிவந்த டி.எம்.வி. என்னும் பெயர் தாங்கிய மணிலா ரகங்களும் பெருமை தந்துள்ளன. நல்ல விதையைத் தேடிச் செல்வதில் பின்னிடாத இவ்வட்டாரத்து விவசாயிகள், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்ட ஒருவரை மீண்டும் வரப்பின்மீது நடக்கச் செய்யும் வகையையும் தேடி அறிவது அவசியம். அதற்கு வேண்டிய செய்திகள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

நஷ்டத்தின் அளவு

இவ்வட்டாரத்தில் 5 ஏக்கர் நிலமுடைய ஒரு குடியானவரை உதாரணமாகக் கொள்வோம். சர்க்கரை வியாதி அவருக்கு உண்டு. காலில் முள் தைத்தது தெரியவில்லை, புண்ணாயிற்று, புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கும்படி நேர்ந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பினார். அன்று முதல் அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. முதல் போகத்தில் நிலம் வாரத்திற்கு விடப்பட்டது. மனைவி அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக வீட்டிலேயே இருக்க, நடவு வேலைக்கும் களையெடுப்புக்கும் கூலியாள் தேவையாயிற்று. அடுத்த வருஷம் மகன் படிப்பை நிறுத்தினான். மாடுகள் விற்கப்பட்டன. இழந்தது ஒரு கால். ஆனால் குடும்பம் இழந்ததோ இருவருடைய உழைப்பும், ஒருவனுடைய கல்வியும், ஒரு சோடி மாடும் ஆகும்.

இந்த நஷ்டத்தில் கால் போனதனால் வந்த பங்கு சிறிது; கால் போனபின் அதற்கு ஈடான கருவி வாராததனால் வந்த பங்கே பெரிது. முழங்காலுக்குக் கீழே காலிழந்தவர்களிற் பெரும்பாலோர், தக்க செயற்கைக் கால் பொருத்தி முறையாகப் பழகினால், நடந்து சென்று நிலத்தைப் பார்வையிடவும், நீர் பாய்ச்சவும், மாடு கறக்கவும், இன்னும் பல வேலைகளைச் செய்யவும் கூடும்.

இவ்விஷயம் ஓரிருவரைப் பற்றியதன்று. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இந்திய நாட்டுத் தொகையில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வசிப்பவர்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவை என்றும், அவர்களுள் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. செல்வ நாடுகளில் தேவைப்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரையில் கருவி பெறுகையில், ஏழை நாடுகள் சிலவற்றில் மூன்று பேரே பெறுகின்றனர். கருவியைக் கண்டுபிடித்தல் ஒன்று. அது குடிசை வாயிலை வந்தடைதல் மற்றொன்று. பின்னதே இன்று உள்ள குறை.

வருமுன் காத்தல்

துணைக்கருவியைப் பற்றிப் பேசுமுன், அது தேவைப்படாதபடி காத்துக் கொள்ளும் வழியையும் சொல்லுதல் முறையாகும்.

விசைக் கதிரடிப்பு இயந்திரங்களில் கை சிக்கி இழந்தோர் தொகை பெருகியதைக் கண்டு, இந்திய சர்க்கார் 1983-இல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கதிரை உள்ளே தள்ளும் தட்டு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், அதில் 45 சென்டிமீட்டர் அளவுக்கு மேல்மூடியும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அவ்வாறிருப்பின் மனிதன் கை உருளையை எட்டாது. மூடியைக் கழற்றிவிட்டால் வேலை விரைவாக நடக்கும் என்று எண்ணுவது, சில மூட்டைகளுக்காகக் கையைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். தீவனம் நறுக்கும் யந்திரத்திற்கும், கரும்பு ஆலைக்கும், டிராக்டரின் விசைத்தண்டுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் சுழலும் யந்திரத்தின் அருகே செல்லலாகாது.

சர்க்கரை வியாதியுள்ளவர்கள் வெறுங்காலுடன் வயலில் இறங்குதல் கூடாது. ஒவ்வொரு நாள் இரவும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். தமக்குப் பார்க்க இயலாவிடில் வீட்டார் பார்க்கலாம். வலி இல்லை என்பதனால் புண் இல்லை என்று கொள்ளலாகாது. வலி தெரியாமையே இவ்வியாதியின் கேடு.

வலியற்ற பாதத்தைக் காக்கும் வழியை உலகிற்குக் காட்டிய பெருமை தமிழ்நாட்டிற்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை இரண சிகிச்சையினால் நிமிர்த்தும் முறையை வகுத்தார். அந்நோயினால் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று மக்கள் நம்பிவந்தனர். உணர்ச்சி மரத்துப்போன கையும் காலும் சூட்டையும் கீறலையும் உணராமல் மீண்டும் மீண்டும் காயமுற்றே தேய்கின்றன என்று அவர் விளக்கினார். அதன் பயனாக வேலூரிலும், அடுத்துள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், நுண்ணறை ரப்பரால் மெத்தென்ற காலணிகள் செய்யப்பட்டன. அதே வகைக் காலணியே இன்று சர்க்கரை வியாதியாளருக்கும் தரப்படுகிறது. மண்வெட்டி, அரிவாள் முதலியவற்றின் பிடியைத் தடிப்பாக்கி மெத்தென்று சுற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வைத்தியத்தின் போதனையே.

வயலுக்கென்று பிறந்த கால்

மேனாட்டில் செய்யப்பட்ட செயற்கைக் கால்கள் பூட்சு அணிந்து, சமதரையில் நடந்து, நாற்காலியில் அமர்வோருக்கு ஏற்றவை. நம் நாட்டுக் குடியானவனோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குகிறான், சம்மணமிட்டு உண்கிறான், குந்தியிருந்து களையெடுக்கிறான், கரடுமுரடான வரப்பில் நடக்கிறான். அவனுக்கு அந்தக் கால் உதவவில்லை. நீர் பட்டால் உள்ளிருக்கும் பஞ்சு ஊறிக் கெடும். ஆதலால் காசு செலவிட்டு வாங்கியும் அதைப் பரண்மேல் வைத்துவிட்டவர் பலர்.

இக்குறையைக் கண்டவர்கள் இராஜஸ்தானத்தில் ஜயப்பூர் நகரத்து சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த எலும்பு வைத்தியர் பிரமோத் கரண் சேத்தியும், கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் ஆவர். சர்மா அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாதவர். பரம்பரைச் சிற்பத் தொழிலில் வந்தவர். லாரி டயருக்கு மீண்டும் ரப்பர் ஏற்றும் பட்டறையைக் கண்டபோது, பாதத்தையும் அவ்வாறே ரப்பரில் வார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது என்று கூறுவர். 1968-ஐ ஒட்டி உருவான அந்தப் பாதமே ஜயப்பூர்க் கால் எனப் பெயர் பெற்றது.

அதன் அமைப்பு எளிது. குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்ணறை ரப்பர்க் கட்டிகள். கணுக்காலில் ஒரு மரக்கட்டை. இவற்றைச் சுற்றி டயர் நூலும் ரப்பரும் போர்த்தி, அச்சில் வைத்து வேகவைத்தால், தோல் நிறமும் விரல் உருவமும் கொண்ட பாதம் கிடைக்கிறது. அது எப்பக்கமும் வளையும். ஆதலால் மேடு பள்ளத்திற்கு ஏற்பத் திரும்பும். நீர் புகாது, ஆதலால் நெல் வயலில் இறங்கலாம். காலணி வேண்டாம், குந்தவும் சம்மணமிடவும் கூடும். காலின் தண்டு முன்னர் அலுமினியத் தகட்டில் செய்யப்பட்டது. பின்னர், தண்ணீர்க் குழாயாக விவசாயிகள் நன்கறிந்த உயர் அடர்த்திப் பாலிதீன் குழாயையே சூடேற்றி, துண்டிக்கப்பட்ட காலின் அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் முறை வந்தது. நிலத்திற்கு நீர் கொணரும் அதே குழாய் காலாகவும் நிற்கிறது.

1975-இல் டி. ஆர். மேத்தா என்பவர் ஜயப்பூரில் பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, இக்காலை இலவசமாக வழங்கலானார். இலட்சக்கணக்கானோர் இதனால் பயனடைந்துள்ளனர். 1981-இல் டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது அளிக்கப்பட்டது. இதிலிருந்து அறியவேண்டிய பாடம் யாதெனில், கருவி என்பது உபயோகிப்பவனின் தரையையும் தொழிலையும் பழக்கத்தையும் அறிந்து செய்யப்பட வேண்டும் என்பதே. வண்டல் நிலத்துக் கலப்பை செம்மண்ணுக்கு உதவாதவாறு, பளிங்குத் தரைக்கென்று செய்த கருவி வரப்புக்கு உதவாது.

சக்கர நாற்காலியும் கோலும்

சக்கர நாற்காலி எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது பிழை. ஆஸ்பத்திரியில் ஆள் தள்ளிச் செல்லும் நாற்காலி மண் தெருவுக்கு ஏற்றதன்று. முன்சக்கரம் சிறிதாயிருந்தால் மணலில் புதையும். முன்சக்கரம் பெரிதாகவும், முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைவெளி அதிகமாகவும் உள்ள நாற்காலியே கிராமத்திற்குத் தக்கது. இருக்கை இடுப்பின் அகலத்திற்குப் பொருந்த வேண்டும், மெத்தை இன்றியமையாதது. முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சி இழந்தவர்கள் அரைமணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இருக்கையின் அழுத்தத்தைத் தவிர்க்காவிடில் படுக்கைப்புண் உண்டாகி உயிருக்கே தீங்கு நேரும்.

சென்னை ஐ.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் புனர்வாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் இத்துறையில் அரிய பணி செய்துவருகிறது. உட்கார்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் நாற்காலி 2019-இலும், அளவெடுத்துச் செய்யப்படும் நாற்காலியும் அதனுடன் இணைத்தால் சாலையில் ஓடும் மின்விசை வண்டியாக மாற்றும் கருவியும் 2021-இலும், முழங்காலுக்கு மேலே காலிழந்தோருக்கான செயற்கை முழங்கால் 2022-இலும் அங்கிருந்து வெளிவந்தன. தமிழ்நாட்டில் செய்யப்படும் கருவிக்குப் பழுது நேர்ந்தால் உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டுவதில்லை என்பது கவனிக்கத்தக்க அனுகூலம்.

அக்குளில் வைத்து ஊன்றும் கோல் எளியதாயினும் அளவு தவறினால் கேடு செய்யும். கோலின் மேல்நுனி அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்கவேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் மட்டத்தில் அமையவேண்டும். உடற்பாரம் கையில் தாங்கப்பட வேண்டுமேயன்றி அக்குளில் தொங்கலாகாது. தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப் போகும். அடிநுனி ரப்பர் தேய்ந்தவுடன் மாற்றவேண்டும். ஈர நிலத்தில் செல்லும்போது அகன்ற அடித்தட்டைப் பொருத்திக் கொண்டால் கோல் புதையாது.

கால் பொருத்துவதற்கு முன்னும் பின்னும்

செயற்கைக் கால் வந்தும் அணிய முடியாமற் போவதற்குப் பெரும்பாலும் வீட்டிலேயே காரணம் உண்டாகிவிடுகிறது. கால் எடுக்கப்பட்டவருக்கு இரக்கங்கொண்டு முழங்காலின் கீழே தலையணை வைப்பது வழக்கம். அதனால் மூட்டு மடங்கியவாறே இறுகிவிடும். பின்னர் எக்காலும் பொருந்தாது. முழங்கால் நீட்டியே இருக்கவேண்டும். தினந்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுத்தல் நலம். எஞ்சிய காற்பகுதி வீங்காதிருக்க வைத்தியர் காட்டியவாறு துணி சுற்றவேண்டும்.

கால் பொருத்தியபின், எஞ்சிய பகுதியை ஒவ்வோர் இரவும் கழுவி உலர்த்திச் சிவப்போ கொப்புளமோ உண்டா எனப் பார்க்கவேண்டும். முதல் வருஷத்தில் அப்பகுதி சுருங்குமாதலால் பொருத்தும் குழியை மாற்றவேண்டி வரும். இதை அறியாதவர்கள் கால் ஆடுகிறது என்று வெறுத்து ஒதுக்கிவிடுகின்றனர். குழந்தைகளுக்கோ, வளர வளர அளவு மாற்றவேண்டும். மூன்று சக்கர வண்டிக்குச் சங்கிலியில் எண்ணெயும், சக்கரத்தில் காற்றும் வேண்டும். அதன் பாகங்களிற் பல சைக்கிளின் பாகங்களே ஆதலால் உள்ளூர்ச் சைக்கிள் கடையிலேயே பழுது பார்க்கலாம். பம்பு செட்டு பழுதானால் ஒருநாள் பொறுக்காத விவசாயி, வீட்டிலுள்ளவரின் வண்டி ஆறு மாதம் மூலையில் கிடக்கப் பொறுப்பது தகாது.

நிலத்திலும் வீட்டிலும் செய்யும் திருத்தங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1991 முதல் அக்ரபிலிட்டி என்னும் ஏற்பாடு நடைபெறுகிறது. விவசாய விஸ்தரிப்பு ஊழியரும் உடற்குறையுற்றோர் நலச் சங்கத்தாரும் சேர்ந்து பண்ணைக்கே சென்று, அங்குள்ள குடியானவர் எவ்வேலையைச் செய்ய இயலாதிருக்கிறார் எனக் கண்டு, கருவியையோ வழியையோ திருத்தித் தருகின்றனர். நம் கிராமங்களில் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை பின்வருமாறு:

1. வாசற்படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்டுக. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடித் திண்ணைக்கு 18 அடி வேண்டும். இடம் போதாவிடில் திருப்பிக் கட்டலாம். குட்டையாகக் கட்டினால் வண்டி கவிழும். கதவின் அகலம் 3 அடிக்குக் குறையலாகாது.

2. வீட்டிலிருந்து கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் செல்லும் பாதையைச் சமன்செய்து இறுகக் கட்டுக. பம்பு செட்டின் சுவிட்சை உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்க.

3. குனிய இயலாதவர்களுக்கு நீண்ட பிடியுடைய களைக்கருவி தருக. ஒரு கையிழந்தவர் பற்றும்படி அரிவாளுக்கும் களைக்கொட்டுக்கும் தோல்வாரால் ஆன மணிக்கட்டுப் பட்டை அமைக்கலாம்.

4. மணிலா காய் ஆய்தல், விதை பொறுக்குதல், தட்டு நாற்றங்கால் விடுதல் முதலிய வேலைகளை மேசை உயரத்தில் அமைத்தால் நாற்காலியில் இருப்பவரும் ஒரு முழு ஆள் வேலையைச் செய்வார்.

5. செவி மந்தமானவரை டிராக்டரின் பின்னாலோ யந்திரத்தின் அருகிலோ நிறுத்தும்போது, கையசைவுக் குறிகளை முன்னரே பேசி வைத்துக் கொள்க.

கருவி பெறும் வழி

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 7 வகை உடற்குறைகளே கூறப்பட்டிருந்தன. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக்கிற்று. தொழுநோய் குணமானோரும், பார்வை மிகக் குறைந்தோரும், நரம்புத் தசைச் சிதைவு உடையோரும் அதில் அடங்குவர். நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறையுடையோருக்கு அச்சட்டத்தின் சிறப்பு அனுகூலங்கள் உண்டு. அவற்றுள் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் நன்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: சர்க்கார் திட்டங்களின்கீழ் விவசாய நிலமும் வீட்டுமனையும் வழங்குகையில் நூற்றுக்கு 5 பங்கு இவர்களுக்கு ஒதுக்கப்படவேண்டும், அதில் பெண்களுக்கு முதலிடம் தரவேண்டும்.

முதற்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியர் குழுவினிடம் உடற்குறைச் சான்றிதழும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுதல். விழுப்புரம் ஜில்லாவினர்க்கு முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. இரண்டாவது படி, விழுப்புரத்திலுள்ள ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் செய்தல். மத்திய சர்க்கார் 1981 முதல் நடத்திவரும் துணைக்கருவி உதவித் திட்டத்தின்கீழும், மாகாண சர்க்காரின் திட்டங்களின்கீழும் கருவிகள் வழங்கப்படுகின்றன. வருமான வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கான்பூரிலுள்ள அலிம்கோ என்னும் சர்க்கார் தொழிற்சாலையார் ஆங்காங்கே அளவெடுக்கும் முகாம்களும் நடத்துகின்றனர். செயற்கை உறுப்புப் பொருத்தும் பெரிய நிலையம் சென்னை கே. கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமாக இயங்குகிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியும், கண் விஷயத்தில் அங்குள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் திண்டிவனத்தார்க்கு அண்மையில் உள்ளன.

உலக வங்கியின் கடனுதவியுடன் 2022-இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ், வீடு வீடாகக் கணக்கெடுத்து, விழுதுகள் என்னும் சேவை மையங்களின் வாயிலாக உடற்பயிற்சி வைத்தியம் முதலியவற்றை ஊருக்கு அருகிலேயே தரும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. கணக்கெடுப்போர் வருகையில் வீட்டிலுள்ள ஒருவரை வெட்கத்தினால் மறைப்பது, அவருக்குச் சேரவேண்டிய கருவியை நாமே தடுப்பதாகும்.

கிராம அதிகாரிகளின் கடமை

கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிந்தபின் அப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தது. வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் தாமதித்தால் முகாம் நாள் கடந்துவிடும். அடுத்த முகாம் எப்போது வருமெனச் சொல்வதற்கில்லை. காலிழந்த ஒருவர் ஒரு கையெழுத்திற்காக மும்முறை அலுவலகம் வருவது, இரு கால் உடையவர் முப்பது முறை வருவதற்குச் சமம். ஆதலால் அவர் வீட்டிற்கே சென்று விசாரித்து எழுதித் தருதல் உத்தமம்.

ஊராட்சித் தலைவர்கள், தம் ஊரில் யார் யாருக்கு எக்கருவி தேவை, யாரிடம் உள்ள கருவி பழுதுபட்டுள்ளது என ஒரு பதிவேடு வைத்துக் கொள்ளவேண்டும். முகாமுக்குச் செல்ல ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் பாதித் தடை நீங்கும். ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், பங்கீட்டுக் கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் வாயிலில் சாய்தளம் உண்டா என்று பார்க்கவேண்டும். கருவி வழங்கும் விழாவில் அனைவர்க்கும் ஒரே அளவு வண்டியைக் கொடுத்து அனுப்புவதினும், அளவெடுத்துச் சிலர்க்கே கொடுத்து, ஆறு மாதங் கழித்து அவர்கள் அதை உபயோகிக்கின்றனரா என விசாரிப்பதே மேலானது.

முடிவுரை

துணைக்கருவிக்குச் செலவிடும் ஒரு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் பயன் திரும்புகிறது என்று 2020-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அக்கணக்கைக் கேளாமலே குடியானவன் உண்மையை அறிவான். மேலே கூறிய 5 ஏக்கர்க்காரருக்கு அறுவை நடந்த அதே வருஷத்தில் கால் கிடைத்திருந்தால், வாரத்திற்குப் போன நிலம் அவரிடமே இருந்திருக்கும், மாடு விற்கப்பட்டிராது, மகன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

அத்தகையவர் ஒருவரேனும் இல்லாத கிராமம் அரிது. அடுத்த மழைக்குமுன் மணிலா விதையைப் பற்றி விசாரிக்கத் திண்டிவனம் செல்லும் விவசாயி ஒவ்வொருவரும், தம் தெருவில் திண்ணையை விட்டு இறங்காதிருக்கும் ஒருவரைப் பற்றியும் விசாரித்து, அவருடைய சான்றிதழுக்கும் அளவெடுப்புக்கும் வழி செய்வாராயின், அடுத்த அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் ஓர் ஆள் கூடுதலாக நிற்பதைக் காண்பார். அந்த ஆள் கூலிக்கு வந்தவர் அல்லர்; தம் நிலத்திற்குத் திரும்பி வந்தவர்.